மல்லேஸ்வரத்தில் அக்கா சும்மா படுத்திருந்த அரை மணி நேரம்

போன மாதம் நானும் அக்காவும் சேலத்திலிருந்து பெங்களூர் போய் வந்தோம். ஊர் சுற்ற இல்லை. சும்மா படுத்திருக்கும்போது அக்காவின் உடம்பு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவழிக்கிறது என்று அளந்து பார்க்க. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது. தமிழில் தேடினால் அனுபவக் குறிப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது, எண்பத்திரண்டு கிலோ. இரண்டு முழங்காலும் போய்விட்டன. பத்து கிலோ குறைத்தால்தான் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உணவு ஆலோசகர் கொடுத்த 1,200 கலோரிப் பட்டியலை ஐந்து மாதம் அனுசரித்தாள். ஒன்றரை கிலோதான் இறங்கியது. சாப்பிட்டதையெல்லாம் எழுதிவைத்த நோட்டைப் புரட்டிப் பார்த்த ஆலோசகர், "எழுதாம விட்டது என்னென்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். அளந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று இன்னொரு டாக்டர் சொல்ல, நான்தான் மல்லேஸ்வரத்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். நாங்கள் பிறந்து வளர்ந்த பேட்டை அது. அப்பாவுக்கு அங்கே மாநில அரசில் உத்தியோகம். நாங்கள் அந்தப் பக்கம் போய் இருபது வருஷமாகிவிட்டது.

சேலத்தில் காலை 10.15க்கு பஸ். ஆளுக்கு 210 ரூபாய், சுமார் 200 கிலோமீட்டர். ஓசூர் வரை சொகுசாகப் போனது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு வருவதற்குள் முக்கால் மணி போய்விட்டது. சாந்திநகரில் இறங்கும்போது 3.40. ஆட்டோக்காரர் "எல்லிகே மேடம்?" என்று எங்கே போகணும் எனக் கேட்டார். நான் கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டு அக்காவிடம் தமிழில் பையைக் கேட்டேன். உடனே, "நம்ம ஊர்க்காரங்களா, ஏறும்மா. மீட்டருக்கு மேல முப்பது குடுத்துடுங்க" என்றார். பெங்களூரிலேயே தமிழர்கள் நிறைய உள்ள அடுகோடிக்காரராம். தமிழர் என்பதற்காகக் குறைத்துக்கொள்வார் என்று நினைத்தது என் தப்பு. மொத்தம் 230 ஆனது.

பதினைந்தாவது கிராஸ் பக்கம் லிப்ட் உள்ள லாட்ஜில் அறை, நாள் வாடகை 1,900. இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, காலையில் நடக்காமல் வண்டியில் வர வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். மறுநாள் காலை 6.30க்கு ஆட்டோ பிடிக்க வாசலுக்கு வந்தால், பக்கத்துக் கடையிலிருந்து டிகாக்ஷன் வாசனை. எனக்குப் பள்ளிக்கூட நாட்கள் அப்படியே திரும்பி வந்தன. அந்த வயதில் நாங்கள் நின்றுகொண்டே ஒரு காபியை இரண்டாகப் பங்கு போட்டுக் குடிப்போம். இந்த ஊரில் அதற்கு பை டூ என்று பெயர். கேட்டால் சலிக்காமல் இரண்டு தம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள்.

"எதுவும் கூடாதுன்னாளே" என்றாள் அக்கா.

"காபி எதுல சேர்த்தி? ஏகாதசிக்கே அம்மா ரெண்டு தடவை குடிப்பா. அரை தம்ளர், குடி" என்றேன்.

பை டூ காபி 25 ரூபாய். அந்த ருசிக்கு இன்னும் கொடுக்கலாம். ஆனால் அந்த அரை தம்ளர் எங்களுக்கு ஒரு முழு நாள் வாடகையைச் செலவு வைத்தது.

பரிசோதனை செய்யும் பெண்ணின் பெயர் ஷீலா. ஜோகுபாளையத்துத் தமிழ்ப் பெண். படிவத்தை நிரப்பிக்கொண்டே, "காலையில டீ, காபி எதுனா?" என்று கேட்டாள். அக்கா மறைக்கவில்லை. ஷீலா பேனாவை மூடிவிட்டாள்.

"நாளைக்கு வந்துடுங்கம்மா. இன்னிக்கு எடுத்தா நம்பர் ஏறிதான் காட்டும்."

"அரை தம்ளர்தானேம்மா" என்று நான் குழைந்தேன்.

"வாரத்துல ரெண்டு பேராவது இதையேதான் சொல்றாங்க ஆன்ட்டி. விரதம்னு நினைச்சுக்கறீங்க. பால், சக்கரை, காபித்தூள் மூணுமே கணக்குதான்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. வெளியே வந்ததும், "ஒரு காபி ஆசையக்கூட அடக்கத் தெரியலைன்னு இங்கேயும் எழுதிக்கப் போறா" என்றாள். வாங்கிக் கொடுத்தது நான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பகல் முழுக்க ஓய்வு. சாயங்காலம் ஆட்டோவில் சாங்கி ஏரிக்குப் போனோம், 70 ரூபாய். வழியில் நாங்கள் இருந்த வீட்டைத் தேடினேன். அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நின்றது. எட்டாவது கிராஸ் பூக்கடைகள் மட்டும் அப்படியே இருந்ததில் அக்காவுக்கு ஏக சந்தோஷம். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவின் தோசையைப் பற்றிப் பேசினோம். "எனக்கு ரெண்டு. உனக்கு எண்ணிக்கையே கிடையாது" என்றாள். அக்கா பன்னிரண்டு வயதிலேயே பூசினாற்போல இருப்பாள். நான் ஒல்லிக்குச்சி. வீட்டில் அதுதான் சட்டம். கோபமில்லாமல், அந்தத் தோசையின் ஓரம் எப்படி முறுகலாக இருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஏரியையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. ஏழரைக்குள் சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் 7.10க்கு உள்ளே. முதலில் அரை மணி சும்மா படுக்க வைத்தார்கள். பிறகு, மேஜையில் பலகாரத்தின் மேல் ஈ உட்காராமல் கவிழ்த்து வைப்போமே, அதுபோல ஒரு கண்ணாடி மாதிரியான கூண்டை அக்காவின் தலைக்கு மேல் கவிழ்த்தாள் ஷீலா. அதிலிருந்து ஒரு குழாய் இயந்திரத்துக்குப் போகிறது. மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். வலியில்லை, ஊசியில்லை. அசையக் கூடாது, பேசக் கூடாது, தூங்கவும் கூடாது. நடுவில் அக்கா கண் அசந்தபோது ஷீலா தோளைத் தட்டினாள். அரை மணி நேரம் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலையே இல்லாமல் அக்கா படுத்திருந்து நான் பார்த்ததே கிடையாது.

வந்த எண் 1,040. வயது, உயரம், எடை வைத்துச் சேலத்தில் சூத்திரத்தில் போட்டது 1,320. அங்கிருந்த பெண் டாக்டர் அக்காவின் நோட்டைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "சூத்திரம் பொதுவா போடறது, இது உங்க உடம்போட கணக்கு. முட்டி வலியில நடமாட்டமும் கம்மி. நீங்க எழுதினபடியே சாப்பிட்டிருந்தாலும் எடை இவ்ளோதான் இறங்கும். பட்டியலை மாத்தணும், உங்களைக் குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அக்கா ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "அதை அப்படியே எழுதிக் குடுப்பேளா?"

எழுதிக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு அவசியம், கட்டணம் 3,200. முதல் நாள் உடற்பயிற்சி வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு வரும் வயது என்றால் தேதியையும் கேட்பார்கள். எதற்கும் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காபி பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன், மனசு கேட்கவில்லை. ஆலோசகர் மட்டுமா சந்தேகப்பட்டார்? அக்கா எங்கேயோ நொறுக்குத் தீனி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று உள்ளூர நானும்தான் நினைத்திருந்தேன். திரும்பும் பஸ்ஸில் அதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள் சாதாரணமாக. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். நாற்பது வருஷத்துப் பாரம், ஒரேயடியாக இறக்கிவிட நினைத்தேன்.

"அக்கா, மைசூர்பாக் டப்பால பாதி காணோம்னு அம்மா உன்னை அடிச்சாளே. அதை எடுத்துத் தின்னது நான்தான்."

கோபப்படுவாள், இல்லாவிட்டால் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள்.

"எந்தத் தடவைடி?"