மீன் பெட்டியில் போன இரண்டு குழாய்கள்

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள் பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அந்த வருஷம் நான் வேண்டிக்கொண்டது, என் வீட்டுக்காரர் ஒரே ஒரு முறையாவது தன் மலத்தைக் கொண்டுபோய் கிளினிக்கில் கொடுக்க வேண்டும் என்று. கோயிலில் பக்கத்து வீட்டு அக்கா, "என்ன வேண்டுதல்?" என்று கேட்டார். "குடும்ப நலன்தாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பூத்தொடுப்பதில் மும்முரமாகிவிட்டேன். முருகனிடம் எதையும் சொல்லலாம். அந்த அக்காவிடம் சொன்னால் எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் கீழ்மாடி வரைக்கும் போய்விடும்.

வேண்டுதலுக்குக் காரணம் இவருடைய அண்ணன். சுங்கை பாக்காப்பில் இருந்தார். ரத்தம் போனதை மூலம், மூலம் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினார். குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் போயிருந்தது. "கொஞ்சம் முன்னாலயே பார்த்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதை நானும் இவரும் பக்கத்தில் நின்று கேட்டோம். சாவு வீட்டில் இவர் அழவில்லை. அதற்குப் பிறகு சிரிக்கவும் இல்லை. மீன் பிடிக்கப் போவார், வருவார், சாப்பிடுவார். குடல் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

கிளினிக்கில் மிஸ்ஸி, நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், தெளிவாகச் சொன்னார். அவர் மலாய்க்காரப் பெண்மணி, இந்த ஊர் நர்ஸ்களுக்கே உரிய பொறுமை. கூடப் பிறந்தவருக்கு வந்திருந்தால், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப்தான் நல்லது. அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால் முதலில் இதையாவது செய்யட்டும் என்று பச்சை மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்றைக் காட்டினார். மூடியைத் திருகினால் அதோடு ஒரு குச்சி வரும். குச்சியை மலத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டு மறுபடி குழாயிலுள்ள மருந்துத் தண்ணீருக்குள் விட்டு மூடிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஊசி கிடையாது, வலி கிடையாது.

வீட்டில் வந்து சொன்னேன்.

"நான் என்ன கொழந்தையா? அதக் குச்சில எடுத்து ஒரு பொம்பளைகிட்ட நீட்டணுமா? மானம் போயிரும்லா."

"மீன் குடல நோண்டறப்ப மட்டும் மானம் எங்க போவுதாம்?"

"அது மீனோடது."

இப்படியே வாரக்கணக்கில் இழுத்தது. கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ரசத்தில் உப்புப் போடாமல் விட்டேன். கடைசியில் ஒரு யோசனை வந்தது. "சரி, நானும் எடுக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்து போயி குடுப்போம். நீங்க தனியா நிக்க வேணாம்" என்றேன். எனக்கு ஒரு கோளாறும் இல்லை. தலைவலி மாத்திரைகூட வாங்காத ஆள் நான். இவரை இழுத்துக்கொண்டு போவதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் கூரை விசிறியை நிறுத்தினார். "ஒரே தடவைதான். தொலைஞ்சிருச்சு, கெட்டுப் போச்சு, திரும்ப எடுன்னு வந்து நின்னே, அதோட சரி. அண்ணன் மேல சத்தியம்."

அண்ணன் மேல் சத்தியம் செய்தால் இவர் மாற மாட்டார். ஆக, எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் அமைந்தது. நான் காலையிலேயே என் வேலையை முடித்துவிட்டேன். மத்தியானம் அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "எத்தன எடத்துல குத்தணும்?" நான் வெளியே நின்று பதில் சொன்னேன். "நீ தள்ளிப் போ, ஆள் நிக்கறப்ப எப்படி?" தள்ளிப் போனேன். "எங்க போயிட்டே, இந்த மூடி எந்தப் பக்கம் திருகணும்?" திரும்ப வந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு வேலையை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. ஞாயிறு கிளினிக் கிடையாது. திங்கள் காலை வரைக்கும் பிரிட்ஜில் வைக்கலாம் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். ஆனால் நான் விரதத்தில் இருக்கிறேன். பிரிட்ஜில் சாமிக்குப் பால், சாமிக்குப் பூ, பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம். விரதம் தொடங்கியதும் மீன், முட்டையெல்லாம் வெளியேற்றி மஞ்சள் தண்ணீரால் துடைத்த பிரிட்ஜ் அது. அதில் இதை வைப்பதா? முருகன் மன்னித்தாலும் என் மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்கு வெளியே, செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இவருடைய மீன் பெட்டி இருந்தது. விரதம் முடியும் வரை அதற்கு வீட்டுக்குள் இடமில்லை. கடையில் ஐஸ் வாங்கி நிரப்பினேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒரு பொருளைக் கட்டினால் கடலில் போட்டாலும் நனையக் கூடாது. குழாய்கள் இரண்டையும் ஜிப் பைக்குள் போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக், அதற்கு மேல் நாளிதழ், அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி ஐஸுக்கு நடுவில் வைத்தேன்.

திங்கள் காலை கதவைத் திறந்தால் பெட்டி இல்லை.

இவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "நானா எடுத்துட்டுப் போயிட்டாரு."

அண்ணன் முறைக்கு நானா என்று நாங்கள் கூப்பிடும் அவர் எங்களுக்குக் கீழ்மாடியில் இருப்பவர், தமிழ் முஸ்லிம், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அந்த மீன் பெட்டி அவரும் இவரும் சேர்ந்து வாங்கியது. எந்த வாசலில் இருந்தாலும் தேவைப்படுகிறவர் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவார். போன் செய்தோம். எடுக்கவில்லை. மீன் பிடிக்கும்போது நானா போன் எடுப்பதே இல்லை.

"அப்ப சரி, தொலைஞ்சிருச்சு" என்றார் இவர். அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் தொலையல. மோட்டார எடுங்க."

விரதத்து மஞ்சள் சேலையோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தேன். நானா மீன் பிடிக்கும் பத்து மாவுங் படகுத்துறை வரை போக வேண்டும். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக மறித்துக்கொண்டு நின்றன. ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து என்னோடு வேலை பார்த்த பெண்ணொருத்தி, "அக்கா, கோயிலுக்கா?" என்று கத்தினாள். ஆமாம் என்று கையை ஆட்டினேன்.

படகுத்துறையின் கோடியில் நானா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் நான் சுற்றிய பிளாஸ்டிக், நாளிதழ், ரப்பர் பேண்ட் எல்லாம் பிரிந்து கிடந்தன. ஒரு குழாயை வெயிலுக்கு நேரே பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருடைய தூண்டில் இரைக்கு, எங்கள் பேச்சில் உம்பான், அந்தத் துறையில் பெரிய பேர். ரொட்டியும் பிளாச்சான் இறால் விழுதும் இன்னும் எதுவோ சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அந்தப் பெட்டியில்தான் வைப்பார். என்ன சேர்க்கிறார் என்று பெண்டாட்டி எனக்கே தெரியாது. நானா வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்துத் தோற்றவர்.

எங்களைப் பார்த்ததும் நானாவின் முகம் மலர்ந்தது. "தம்பி, ஒன்னோட உம்பான் ரகசியம் இன்னிக்கித்தான் புடிபட்டுச்சு. தண்ணியா கரைச்சில்ல வெச்சிருக்கே. நான் எடுத்துருவேன்னு பேர வேற ஒட்டி வெச்சிருக்கே. இன்னொன்னுல தங்கச்சி பேரு. அவங்களுக்குத் தனி உம்பானா?"

பேசிக்கொண்டே மூடியில் கை வைத்துத் திருகப் போனார்.

"நானா, தொறக்காதீங்க. அது அவரோட மலம்."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். தொழிற்சாலை இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை எனக்கு. துறையில் தூண்டில் போட்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நானா குழாயைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார். பிறகு முட்டையை வைப்பது போல அதை ஐஸின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்க் கையைக் கடல் தண்ணீரில் கழுவினார், குடிதண்ணீரில் கழுவினார், கடைசியில் தேநீருக்கு வைத்திருந்த எலுமிச்சையையும் பிழிந்து தேய்த்துக்கொண்டார். "தங்கச்சி, வெளிய சொல்லிறாதீங்க. நான் சாப்பாட்டுக் கடை நடத்துறவன்."

எந்த மானத்துக்காக இவர் இத்தனை வாரம் மல்லுக்கட்டினாரோ, அந்த மானம் பத்து மாவுங் முழுக்கப் பரவிவிட்டது. அவ்வளவுதான், இனி இவர் என்னோடு பேசவே மாட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார். ஒரு கணம் அழுகிறார் என்றுதான் பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் சிரிப்பு, எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீரும் வந்தது. நானா எலுமிச்சைக் கையோடு எங்களை முறைத்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை.

கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனோம். குழாய்களைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸி வந்து, இவருக்கு ரத்தம் எதுவும் காட்டவில்லை என்றார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொன்னேன்லா?" நான் மனசுக்குள் முருகனுக்குக் கும்பிடு போட்டேன்.

"அம்மாவுக்குத்தான் காட்டுது" என்றார் மிஸ்ஸி.

எனக்கு மறுபடி சிரிப்புத்தான் வந்தது. நானா கை பட்டதில் பேர் மாறியிருக்கும், இது இவருடையதாக இருக்கும் என்றேன். பேர் குழாயிலேயே ஒட்டியிருக்கிறது என்று மிஸ்ஸி காட்டினார். ரத்தம் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் ஸ்கோப் செய்து பார்த்துவிட வேண்டும் என்றார். ஐயாவின் அண்ணனுக்கு வந்திருந்ததால் அவரும் செய்துகொள்வது நல்லது என்று சொல்லிவிட்டுத் தயங்கினார். இவர் முணுமுணுக்கக்கூட இல்லை. "ரெண்டு பேருக்கும் பேர் எழுதிருங்க மிஸ்ஸி" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பயந்தேன். பயப்படவில்லை என்று சொன்னால் பொய். அந்தத் தைப்பூசத்தில் பால்குடத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும்போது யாருக்காக வேண்டுகிறேன் என்றே குழம்பிப் போனேன். பக்கத்தில் இவர் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு, படிக்குப் படி "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இவருடைய ஸ்கோப் முதலில் முடிந்தது, சுத்தமாக இருந்தது. என் குடலில் ஒரு சதை முளைத்திருந்தது. பார்த்தபோதே வெட்டி எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் சொன்னார், இது இன்னும் புற்றுநோயாகவில்லை, விட்டிருந்தால் சில வருஷத்தில் ஆகியிருக்கும். அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார். என் வாழ்நாளில் இவருடைய பிடிவாதத்துக்கு நான் நன்றி சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். கேட்டவுடனே இவர் சரி என்றிருந்தால், துணைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கவே மாட்டேன்.

இவர் வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவது கேட்டது.

"நானா, அன்னிக்கி நீங்க தொறக்கப் போன உம்பான் இருக்குல்ல, அதுல மாட்டிருச்சு. சின்ன மீனுதான் நானா. வளர்றதுக்குள்ள தூக்கியாச்சு."

அந்தப் பக்கம் நானா என்ன கேட்டாரோ, இவர் பதில் சொல்ல ஆரம்பித்தார், முடியவில்லை. அண்ணனுக்காக அழாததையும் சேர்த்து ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று அழுதார். நான் போய்ப் போனை வாங்கி, "நானா, நாளைக்குக் காலையில நீங்களும் கிளம்புங்க, ஒங்களுக்கும் ஒரு குழாய் வாங்கணும்" என்றேன்.