லாரி வராத பதினோரு கிலோமீட்டர்

சனிக்கிழமை அதிகாலை நாலரை மணி. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருமுக்கில் பாண்டியின் லோடு வேன் வந்து நின்றது. பாண்டி தாண்டிக்குடிக்கு மலைவாழைத்தார் ஏற்றப் போகிறவர். போகும்போது வண்டி காலி. டீசலுக்கு அறுநூறு ரூபாய் என்று பேசி, இரண்டு சைக்கிள்களையும் பின்னால் படுக்கவைத்துக் கயிறு போட்டோம். முன்சீட்டில் பாண்டி, நடுவில் என் தம்பி தங்கவேல், சன்னலோரம் நான்.

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் ஏமாற வேண்டாம். எனக்கு நாற்பத்தாறு வயது, திருச்சுழியில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். சர்க்கரையைக் குறைக்க டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கச் சோம்பல்பட்டு சைக்கிள் வாங்கினேன். ஞாயிறுதோறும் தம்பியும் கூட வருவான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர், போய்த் திரும்ப முப்பது. அந்த முப்பதிலும் என் உயிர் என்னிடம் இருக்காது. காரணம் தம்பியின் காது. இருபத்திரண்டு வருஷம் விசைத்தறிக்கு நடுவில் நின்று வேலை பார்த்தவன். பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். பின்னால் வரும் லாரி ஆரன் அடித்து அடித்து ஓயும், இவன் பாட்டுக்கு நடு ரோட்டில் போய்க்கொண்டிருப்பான்.

லாரியே வராத ரோடு ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒருநாள் பாண்டியிடம் புலம்பினேன். "இருக்குக்கா. மலையில ஒரு எஸ்டேட் பாதை. மண்ணு சரிஞ்சதுல இருந்து வண்டி விடுறதில்ல. சங்கிலி போட்டுட்டாக. சைக்கிள் போகலாம்" என்றார் அவர். காது கேட்க வேண்டிய அவசியமே இல்லாத பாதை! அதற்காகத்தான் நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டிப் போனோம்.

மதுரையில் விடிந்தது. வத்தலக்குண்டில் ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு டீ. அதற்கப்புறம் மலை. ஒவ்வொரு வளைவிலும் நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாண்டிக்கு அதில் ஒரே சிரிப்பு. "என்னக்கா, வண்டியைத் தூக்கிப் பிடிச்சிருக்கீகளா?" என்றார்.

காலை ஒன்பதேகால். தாண்டிக்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தச் சங்கிலி வந்தது. சைக்கிள்களை இறக்கினோம். பதினோரு கிலோமீட்டர் இறங்கினால் கீழே மெயின் ரோடு. அங்கே இரண்டு மணிக்கு வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டு பாண்டி தார் ஏற்றப் போனார். சங்கிலிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் காவல்காரர் இருந்தார்.

"ஆனை இருக்குமாண்ணே?" இதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"இருந்துச்சு. புதன்கிழமையே அந்தப் பக்கச் சரிவுக்கு இறங்கிருச்சும்மா. பயப்படாமப் போங்க. எதுக்கும் வழியில ரொம்ப நேரம் உக்காராதீங்க."

'எதுக்கும்' என்று அவர் சொன்னதுமே நான் சரிவைத் திரும்பிப் பார்த்தேன். தம்பி காதில் அது விழவில்லை. "என்னக்கா சொல்றாக?" என்று காடே அதிரக் கேட்டான். தறிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான், ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள். "ஆனை இல்லையாம்" என்று நானும் கத்தினேன்.

முதல் மூன்று கிலோமீட்டரைப் பற்றிக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆரன் இல்லை, புகை இல்லை, புழுதி இல்லை. பாதி ரோடு சருகு மூடிக் கிடந்தது. இரண்டு பக்கமும் காப்பிச் செடி, அதற்கு மேலே பலாவும் பெயர் தெரியாத பெரிய மரங்களும். தம்பி கையை விட்டு ஓட்டினான், நாற்பது வயதுக் கழுதை. நான் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்திருந்ததில் விரல் மரத்துப்போனது. பிரேக் கட்டை தேய்ந்தோ கம்பி அறுந்தோ போனால் என்ன ஆகும் என்ற நினைப்பு வேறு.

அப்புறம்தான் இன்னொரு பயம் பிடித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வெட்டவெளி. எம்.ரெட்டியபட்டிப் பருத்திக்காட்டில் நின்றால், வருகிற ஆள் யாரென்று அரை மைலுக்கு முன்னாலேயே நடையை வைத்துச் சொல்லிவிடலாம். இங்கே பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறதென்று தெரியவில்லை. எல்லாம் பச்சை, எல்லாம் நிழல். இவ்வளவு நாளும் நிழலுக்கு ஏங்கிய நான், அன்றைக்குக் கொஞ்சம் வெயிலுக்கு ஏங்கினேன்.

பத்து ஐம்பது. பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டுமே ஒரே அகலம், இரண்டிலும் சருகு. பலகை கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. ஒரு சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். அப்போதுதான் வலதுபக்கச் சரிவில் அந்தச் சத்தம் கேட்டது. மடக். கொஞ்சம் விட்டு மறுபடியும் மடக், சரசரவென்று கிளை இழுபடும் சத்தம்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏனென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருச்சுழியைச் சுற்றிச் சீமைக்கருவேலங்காடு. கரிமூட்டம் போட வருஷம் முழுக்க அதைத்தான் வெட்டுவார்கள். கிளை ஒடிகிற சத்தம் கேட்டால் அங்கே ஆள் இருக்கிறது, குடத்தில் தண்ணீர் இருக்கிறது, வழி கேட்கலாம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்தை நம்பித்தான் காட்டுக்குள் போய் வந்திருக்கிறோம்.

"ஏலே, அங்கிட்டு விறகு வெட்டுறாக. போய் வழி கேட்டுட்டு வா" என்று அவன் காதுக்குள் கத்தி, கையையும் நீட்டிக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, சைக்கிளைச் சாய்த்துவைத்துக் காப்பிச் செடிகளுக்குள் இறங்கினான்.

சோற்றில் கை வைத்தபோதுதான் புத்தியில் உறைத்தது. ஒடிகிற சத்தம் கேட்கிறது. அரிவாள் விழுகிற சத்தம் எங்கே? எங்கள் ஊரில் முதலில் வெட்டு விழும், அப்புறம்தான் கிளை முறியும். நாலு பேர் வெட்டுகிற இடத்தில் ஒரு இருமல் இருக்கும், ஒரு வசவு இருக்கும். இங்கே பேச்சே இல்லை. மெல்ல எழுந்து பார்த்தேன். பாலத்தை ஒட்டிப் பாதையோரத்தில் பெரிய பெரிய உருண்டையாகச் சாணம், ஈரம் காயாமல். நிமிர்ந்தேன். சரிவில் ஒரு பலாமரத்தின் கிளை, எவரும் ஏறாமல், தானாக வளைந்து கீழே போயிற்று.

தம்பி அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தான். என்னிடமிருந்து நாற்பது காலடித் தூரம் போயிருப்பான்.

கத்த வாயைத் திறந்துவிட்டேன். கத்தினால் யானைக்குக் கேட்கும். என் தம்பிக்குக் கேட்காது. வாயை மூடிக்கொண்டேன். 'ஒருதரம் திரும்பேன்டா பாவி' என்று மனசுக்குள் கதறினேன். அவன் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வேன்? இரண்டு பிள்ளைகள். அனுப்பியது நான். நான் உட்கார்ந்து சோறு தின்பதற்காக அவனை அனுப்பியிருக்கிறேன்.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் கால் முதலில் அவனை நோக்கிப் போகவில்லை. என் கை சைக்கிளைப் பிடித்து, வந்த வழிக்குத் திருப்பியிருந்தது. எப்போது திருப்பினேன் என்று எனக்கே தெரியாது. முன்சக்கரம் மேட்டுப் பக்கம் பார்த்து நின்றதைக் கண்டபோதுதான் தெரிந்தது. சீ என்று ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

நாற்பது எட்டு. ஒவ்வொன்றிலும் சருகு நொறுங்கியது. மடக் என்று கேட்கும்போது இரண்டு எட்டு வைத்தேன், சத்தம் நின்றபோது நானும் நின்றேன். மூத்திர வாடையும் பழ வாடையும் சேர்ந்து அடித்தது.  ஆளைத் தேடி அவன் ஒரு செடியருகில் நின்றபோது, கடைசியில் அவன் முதுகுச் சட்டை என் கைக்கு எட்டியது. இழுத்தேன். திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன..." என்று அவன் தறிச் சத்தக் குரலில் ஆரம்பிக்கும் முன்னால் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினேன். எலுமிச்சைச் சோறு அவன் மீசையெல்லாம் ஒட்டியது. மறுகையால் காட்டினேன்.

காப்பிச் செடிகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு. ஒரு காது விசிறியது. அப்புறம் நின்றது. ஒடிப்பதும் நின்றுபோனது. அந்த அமைதிதான் எல்லாவற்றிலும் கொடுமை. எவ்வளவு நேரமோ தெரியாது, கடைசியில் மறுபடி மடக் என்றது. உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் இல்லை.

பின்னோக்கியே நகர்ந்து பாதைக்கு வந்தோம். சைக்கிளை உருட்டினால் பின்சக்கரம் டிக்டிக் என்னும் என்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறினோம். சோற்றுப் பொட்டலமும் என் செருப்பும் அங்கேயே கிடந்தன. முதல் வளைவு தாண்டிய பிறகுதான் கீழே வைத்துத் தள்ள ஆரம்பித்தோம்.

பன்னிரண்டு நாற்பது. காவல்காரர் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "திரும்பி வந்துருச்சா!" என்று தலையில் கை வைத்தார். "ஆனைக்கு என்னம்மா, காலண்டரா பாக்குது?" பாண்டிக்கு அவரே ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்.

மாலை ஆறு மணி. மதுரை தாண்டிக் காரியாபட்டிப் பக்கம் வண்டி வந்தபோது, இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். எதுவும் ஒளிந்து நிற்க முடியாத மண். எனக்கு மூச்சு சீரானது. சீரானதும் கோபம் வந்தது, அதுதானே என் குணம். "ஏலே, அத்தனை சத்தம் போட்டுச்சே, கிட்ட போயுமா உனக்குச் சந்தேகம் வரல? ஒருதரம் திரும்பிப் பாக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

 தங்கவேல் பழக்கமில்லாத மெல்லிய குரலில் சொன்னான். "எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலக்கா. நீ ஆள் இருக்குன்னு சொன்ன, போனேன். நீ பின்னால இருக்கும்போது எதுக்குத் திரும்பிப் பாக்கணும்?"

பாண்டி, அதுவரை பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார். 

சைக்கிளைத் திருப்பினேன் என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதென்றால் அவன் காதுப் பக்கம் போய், தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் எழுதியிருக்கிறேன். அவன் படிப்பான்.