குறை சொல்லி விற்றவர்

மட்டக்களப்பில் எனக்கு லப்டொப் விற்றவர், எதை விற்றாலும் முதலில் அதன் குறையைத்தான் சொல்வார். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். பேசும்போதெல்லாம் சேர்ட் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் திரையைத் துடைப்பார்.

"கீபோர்ட் சின்னன், விரல் இடறும். சீடி போடேலாது. பெரிய வேலை குடுத்தா இழுக்கும், டீச்சர்" என்றார். அவர் சொன்ன நிறைகள் இரண்டுதான்: பாரமில்லை, பட்டரி எட்டு மணித்தியாலம் நிற்கும். வாகரைப் பள்ளிக்கு பஸ்ஸில் போய்வரும் எனக்கு அது போதும். இப்படியும் ஒரு வியாபாரியா என்று வியந்து, நம்பி வாங்கினேன்.

மூன்றாம் மாதம், தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதியும்போது, உள்ளே சேமிக்க இடமில்லை என்று அது நின்றுபோனது. பதிந்த புள்ளிகள் சேவ் ஆகவில்லை. விடைத்தாள்களையோ பதியப் பதியப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டிருந்தேன். வகுப்பில் நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்கு எத்தினை?" என்று கேட்டு எழுதினேன். அடுத்த நாளே கடைக்குப் போனேன்.

"இடத்தக் கூட்டேலாது, டீச்சர். உள்ளுக்கு ஒட்டித்தான் வருது."

"விக்கக்குள்ளயே தெரியுமா, அண்ணன்?"

"ஓம்."

"அத மட்டும் ஏன் சொல்லல்ல?"

மஞ்சள் துணியை எடுத்தார். "சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்களே."

அதையும் உண்மையாகத்தான் சொன்னார். பட்டரி இன்றைக்கும் எட்டு மணித்தியாலம் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.