முப்பத்தேழாம் எண்ணுக்கு விழுந்த சிவப்புச் சீட்டு

செய்தி வந்தபோது காலை ஐந்து ஐம்பது. சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த எழிலரசன் பாட்டை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான். இசக்கியப்பனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அப்பாவு பேசினான். இரண்டாம் ஷிப்டு முடிந்து பைக்கில் திரும்பிய இசக்கி, சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற டிரெய்லர் லாரியில் மோதியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. பஸ் வந்து நின்றது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வல்லம் வடகாலில் இரும்பு வார்ப்புகள் செய்யும் ஆலையில் எழிலரசனுக்குத் தரப் பிரிவில் வேலை. ஒவ்வொரு வார்ப்பையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பான். நல்ல வார்ப்பு மணி போல ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி சட்டென்று செத்துவிடும். இசக்கி அதே ஆலையில் எலக்ட்ரீஷியன், வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். ஆறு வருடத்துக்கு முன் கேண்டீனில் எழிலரசன் கரண்டியால் தட்டில் ஒரு டிரம்ஸ் தாளத்தைத் தட்டிப் பாதியில் விட, எதிரே உட்கார்ந்திருந்தவன் மிச்சத்தைத் தட்டி முடித்தான். அதுதான் அறிமுகம். அதற்கு முன்பு, அந்த வட்டாரத்தில் ஹெவி மெட்டல் பாட்டுக் கேட்கிற ஒரே ஆள் தான்தான் என்று எழிலரசன் நினைத்திருந்தான். வீட்டில் அவன் அம்மா அம்சவல்லிக்கு அதெல்லாம் பேய் பிடித்தவன் போடும் கூச்சல்.

இருவரும் சேர்ந்து இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினார்கள். ஷில்லாங்கிலும் கொச்சியிலும் படுக்கையறையில் மைக் வைத்துப் பதிவு செய்கிற, பெயர் தெரியாத குழுக்களின் முதல் வெளியீடுகளைக் கேட்டு மதிப்புரை எழுதும் பக்கம். படிப்பவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் அந்தக் குழுக்கள் அதற்காகக் காத்திருந்தன, ஏனென்றால் அதில் முகதாட்சண்யத்துக்காகப் பாராட்டு இருக்காது.

ஆலையின் வழக்கத்தையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். சப்ளையர் பெயரை மறைத்துவிட்டுப் பொருளைச் சோதிப்பதுபோல, ஒருவன் குழுவின் பெயரை எடுத்துவிட்டு வெறும் எண்ணோடு அனுப்புவான். மற்றவன் கேட்டுவிட்டு, தேறினால் பச்சைச் சீட்டு, தேறாவிட்டால் சிவப்பு என்று போட்டுக் குறிப்பெழுதுவான். சிவப்பு விழுந்ததை ஒரு வாரம் கழித்து முதலிலிருந்து கடைசிவரை மறுபடி கேட்டாக வேண்டும். அதன் பிறகுதான் இருவர் கையெழுத்தும்.

முப்பத்தேழாம் எண்ணை இசக்கி அனுப்பியது ஒரு திங்கட்கிழமை. மூன்று பாட்டு. எழிலரசன் பஸ்ஸில் கேட்டான், சிவப்புப் போட்டான். கிட்டார் நன்றாக இருக்கிறது, பாடுபவர் யாருக்கோ பயந்து பாடுகிறார் என்று எழுதினான். மூன்றாவது பாட்டில் ஏதோ இரைச்சல் கலந்திருக்கிறது, குறை என்றும் சேர்த்தான். மறுநாள் கேண்டீனில் கேலியும் செய்தான்.

"இன்னா இசக்கி, எவன் இவன் கைல மைக்க குடுத்தது? பக்கத்துல கொழந்த தூங்கிகினு இருக்கறா மாதிரி கத்தறான்."

இசக்கி சிரித்தான். "வீட்டு ஓனரு தொல்லையா இருக்கும் வே."

"யாருன்னு சொல்லேன்."

"பேரச் சொன்னா நீரு எளகிருவீரு. அடுத்த வாரம் மறுக்கா கேளும். பொறவு சொல்லுதேன்."

அந்த அடுத்த வாரத்துக்கு முன்பே ஐந்து ஐம்பது போன் வந்துவிட்டது.

வள்ளியூரிலிருந்து இசக்கியின் அண்ணன் வேன் வைத்து வந்து உடலை எடுத்துப் போனார். சாமான்களைக் கட்டித்தர எழிலரசன் அந்த அறைக்குப் போனான். ஒற்றை ஜன்னல், அதில் ஒரு பழைய மெத்தை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வெயிலுக்கா என்று கேட்டான்.

"வெயிலுக்கு இல்லண்ணே. பாடறதுக்கு," என்றான் அப்பாவு. "குன்றத்தூர்ப் பசங்க ரெண்டு பேரு கிட்டாரு வாசிச்சு அனுப்புவாங்க. இவுரு மெத்தைய சாச்சு வச்சு, அதுகிட்ட வாய வச்சு, போர்வைய தலையோட போத்திகினு கத்துவாரு. அப்பவும் ஓனரம்மா வந்து கதவ தட்டும். காலைல அது தண்ணி மோட்டார் போடும் பாருங்க, அப்பதான் இவுருக்கு தொண்ட தொறக்கும்." கொஞ்ச நேரம் கயிற்றை முடிந்துவிட்டு அவனே சொன்னான்: "உங்களுக்குத்தான் அனுப்பிகீறேன், யாரு பாடறதுன்னு தெரியாமலே கேக்கட்டும்னு சொல்லிகினே இருந்தாரு."

எழிலரசன் மெத்தையைக் கீழே இறக்கவில்லை. அதன் நடுவில், வாய் இருக்கும் உயரத்தில், துணி மங்கிப் போயிருந்தது.

குன்றத்தூர்ப் பையன்களின் கடிதம் இணையப் பக்கத்துக்கு வந்து பத்து நாளாகிறது. இசக்கி அண்ணன் குரலோடு வெளியிடப் போகிறோம், நீங்கள் என்ன எழுதினாலும் அப்படியே போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதில்தான் சிக்கல். பச்சைக்கு மாற்றினால் இசக்கி சொன்னதுபோல எளகியதாகிவிடும். சிவப்பை விட்டுவைத்தால், காரணம் தெரிந்த பிறகும் போர்வைக்குள் இருந்தவனைப் பயந்தவன் என்று அச்சேற்றியதாகிவிடும். எழுதியது பொய்யும் இல்லை. அவன் பயந்துதான் பாடியிருக்கிறான், எழிலரசன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

விதி இருக்கிறது, அதன்படி மறுபடி கேட்டுவிடுவோம் என்று ஒரு விடுமுறை நாளில், அம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, ஸ்பீக்கரில் போட்டான். முதல் இரண்டு பாட்டிலும் குரல் அடங்கியே இருந்தது. மூன்றாவதில் இரைச்சல் தொடங்கியது. இப்போது அது மோட்டார் என்று தெரிந்தது. அது ஓடத் தொடங்கியதும் குரல் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து, விரிசலே இல்லாமல். சுத்தியலைக் கையில் வைத்திருப்பவன்போல எழிலரசன் அசையாமல் நின்றான். பிறகு மோட்டார் நின்றது. குரல் மறுபடி சின்னதாகப் போகத் தொடங்கியபோது கை தானாகப் போய் நிறுத்திவிட்டது.

அதன் பின் நான்கு முறை போட்டுவிட்டான். நான்கு முறையும் அதே இடம். பட்டியலில் முப்பத்தெட்டையும் முப்பத்தொன்பதையும் தனியாகவே முடித்துவிட்டான். முப்பத்தேழுக்கு நேரே, மறுகேட்பு என்ற கட்டத்தில் தேதி மட்டும் இருக்கிறது, நிறம் இல்லை. மூன்றாவது பாட்டில் இன்னும் ஒரு நிமிடம் நாற்பது நொடி கேட்க வேண்டியிருக்கிறது.