கல் இல்லாத வலி

என் வீட்டுக்காரர் எஜோகு, சொரோட்டி டவுனில் லாரிக்கு மூட்டை ஏற்றியே வயசானவர். ஆஸ்பத்திரிப் படி ஏறாத உடம்பு என்று மெடல் குத்திக்கொண்ட மாதிரி திரிவார். பேத்தி பிறந்த வாரம் அவருக்கு விலாவில் வலி வந்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது.

"கல்லுடி. ரெண்டு பானை அஜோனோ உள்ள போனா அடிச்சிட்டுப் போயிடும்."

அஜோனோ எங்கள் கேழ்வரகு பீர். பேர் வைக்கிற அன்று அதில் விரலைத் தொட்டுப் பிள்ளை வாயில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்வோம். எந்தப் பெயருக்குச் சப்புகிறதோ அதுதான் பெயர். என் தங்கத்துக்கு, அந்தக் குட்டி வாய்க்கு, நான் ஆசையாக ஊறவைத்த பானையில் இவர் நீளக் குழாயைப் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"யோவ், அது பிள்ளைக்கு வெச்சது."

"பிள்ளை ஒரு விரலுதான் சப்பும். மிச்சத்த யாரு குடிக்கிறது?"

வலி குறையவில்லை. கால் வீங்கி, வாந்தியும் எடுத்த பிறகுதான் பைக்கில் ஏறினார். மகன் ஓட்ட, இவரை நடுவில் வைத்து நான் பின்னால் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் டாக்டர் அகிரோர் என்று ஒரு சின்னப் பெண். கையடக்க ஸ்கேன் கருவியைக் கட்டிலுக்கே எடுத்து வந்து வயிற்றில் பசை தடவப் போனாள். இவர் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

"இது மாசமா இருக்கிறவளுக்குப் பாக்கிறது. எம் மருமகளுக்குப் பாத்தாங்க. பக்கத்துக் கட்டில்காரன் சிரிக்கிறான் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் வயித்தப் பாத்தா ஏழு மாசம்னுதான் சொல்லுவாங்க. பேசாமப் படு."

படுத்தார். டாக்டர் இரண்டு விலாவிலும் அடிவயிற்றிலும் கருவியை வைத்துப் பார்த்தாள். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"கல்லு எதுவும் தெரியல தாத்தா. இந்தா, கறுப்பாத் தெரியுதே, இது சிறுநீர்ப்பை. ததும்பி நிக்குது. அதுக்குக் கீழ ஆம்பளைங்களுக்கு இருக்கிற சுரப்பி வீங்கி வழிய அடைச்சிருக்கு. போக எடமில்லாம மேல ஏறி ரெண்டு கிட்னியும் உப்பிப்போச்சு. நெறைய ஏதாவது குடிச்சீங்களா?"

"கொஞ்சம்."

"பானை," என்றேன் நான்.

சிறுநீர் வடியக் குழாய் போட்டுப் பை மாட்டினார்கள். பை நிறைந்தது, கொட்டினார்கள், மறுபடி நிறைந்தது. கிட்னி பழையபடி ஆகுமா என்று சில நாள் கழித்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அதுவரை என் பேத்தி பேரில்லாமல் கிடந்தாள். நான் பிள்ளையைக் கொஞ்சுவதா, இவர் பையைப் பிடிப்பதா?

நாலாம் நாள் அதே கட்டிலில் மறுபடி ஸ்கேன் வைத்தாள் அகிரோர். வலது கிட்னி வீக்கம் வடிந்திருந்தது. இடது பாதிதான்.

"இது முழுசாத் திரும்பாமயும் போகலாம் தாத்தா. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்."

இவர் வலது விலாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "வலது சரியாயிடுச்சில்ல? அப்ப அளவாக் குடிக்கலாமா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"அந்த இடது பக்கத்த இன்னொரு தடவ காட்டும்மா," என்றேன். "இவருக்கு இன்னும் புரியல."