பேரணாம்பட்டில் மைக்காளான்

குடியாத்தம் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. டேனரியின் பின்சுவரை ஒட்டி, தோல் பதனிட்டுக் கழித்த ஆவாரம்பட்டை ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். முந்தாநாள் மழையில் குவியலின் அடியெங்கும் மைக்காளான். சாம்பல் நிறக் குடைகள். மத்தியானத்துக்குள் ஓரம் கறுத்து, மையாகச் சொட்டித் தீர்ந்துவிடும்.

"இங்கே பார்டா" என்று சத்தமாகவே சொல்கிறேன். பிறகுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைக்கிறது. கல்லூரியில் என்னோடு செடி தேடி அலைந்தவன் பேங்க் வேலைக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. செடி, காளான் பார்த்ததைக் குறிக்கும் என் நோட்டில் 'உடன் இருந்தவர்' என்ற இடம் அன்றிலிருந்து காலி.

அடுப்புக்குக் காய்ந்த பட்டை பொறுக்கும் அம்மா ஒருவர் கூடையோடு வருகிறார். "இன்னாப்பா தேடற?"

காட்டுகிறேன். குந்தி உட்கார்ந்து, ஒரு குடையை விரல் நுனியால் நிமிர்த்திப் பார்க்கிறார். "தெனம் மிதிச்சினுதான் போறேன். பாவாடை கணக்கா மடிப்பு மடிப்பா இருக்குதே."

கொஞ்ச நேரம் இரண்டு பேராகப் பார்க்கிறோம். பேனாவைத் திறந்து, "உங்க பேர் என்னம்மா?" என்கிறேன்.

அவர் முகம் மாறுகிறது. "பட்டை எடுத்தேன்னு கம்பெனில எழுதிக் குடுக்கப் போறியா?"

நான் விளக்குவதற்குள் கூடையில் இருந்ததைக் காளான்மேலேயே கொட்டிவிட்டு வேகமாகப் போய்விடுகிறார்.

ஒவ்வொரு பட்டையாக எடுத்து, அவர் திரும்பி வந்தால் எடுக்க வசதியாகச் சுவரோரம் குவிக்கிறேன். பஸ் வந்து போகிறது. குடைகள் கறுக்கத் தொடங்குகின்றன.