அமிர்தவல்லியின் நாடி

அமிர்தவல்லி நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சுனாமி வீட்டையும் புருஷனையும் கொண்டுபோன பிறகு போர்ட் பிளேர் பக்கம் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. பாம்பூஃப்ளாட்டிலிருந்து காலைப் படகில் சாத்தம் ஜெட்டியில் வந்திறங்கி, மேடேறிப் போய், ஒரு நர்சிங் பள்ளியைக் கூட்டிப் பெருக்குவாள்.

அந்தப் பள்ளியில் மாணவிகள் தொட்டுப் பரிசோதித்துப் பழக ஒரு பொம்மை இருந்தது. பொம்மைக்கு ஏது நாடி? "அமிர்தாக்கா, கொஞ்சம் படுங்களேன்" என்று ஒருத்தி கெஞ்சினாள். அன்று படுத்தவள் பதினைந்து வருஷம் படுத்தாள். மணிக்கட்டைப் பிடிப்பார்கள், வயிற்றை அழுத்துவார்கள், முதுகில் ஸ்டெத்தை வைப்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. இதில் வெட்கம் என்ன? தொட ஆளில்லாதவளுக்குச் சில்லிட்ட கையும் சொந்தம்தான்.

ஒரு கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. செய்முறைத் தேர்வில் எந்தப் பெண்ணாவது நடுங்கினால் மனசு தாங்காது. உதடு அசையாமல் விடையைச் சொல்லிவிடுவாள்.

"எழுபத்திரெண்டு போடு புள்ள. மூச்சு பதினாறு. கால்ல வீக்கம் குச் நஹி, ஒண்ணுமில்ல."

டீச்சரும் மறுபடி பிடித்துப் பார்ப்பதில்லை. அமிர்தாக்கா என்றால் எல்லாமே நார்மல். எல்லோரும் பாஸ்.

இரண்டு வருஷமாக ஜெட்டி மேட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். நெஞ்சில் கோளாறு இருந்தால் இத்தனை பிள்ளைகளுக்குத் தெரியாமலா போகும்? அவர்கள் எழுதியதெல்லாம் தான் சொன்னதுதான் என்பது, பாவம், அவளுக்கே மறந்துவிட்டது.

போன மார்ச் தேர்வில் வட அந்தமான் திக்லிபூர்க்காரி ராஜகுமாரி நாடியை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். காலை அழுத்தினாள், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"அக்கா, நூத்திப்பத்து வருது. விட்டுவிட்டு வேற துடிக்குது," என்று கிசுகிசுத்தாள்.

"பயத்துல ஒன் கைதான் ஆடுது. எழுபத்திரெண்டு போடு. ஃபெயிலானா ஊருக்கு பஸ் ஏறணும், பாத்துக்க."

ராஜகுமாரி டீச்சர் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுபத்திரண்டு என்றே எழுதினாள்.

செப்டம்பரில் அமிர்தவல்லி மேட்டிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நர்சிடம் ஹிந்தியில் சொன்னார்: இதய வால்வு சுருங்கி ரொம்ப நாளாகிறது; ஆறு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் மெயின்லேண்டுக்கு அனுப்பி ஆபரேஷன் செய்திருக்கலாம்; இனி தாங்காது, சில நாள்தான். நோயாளிக்குப் புரியாது என்று நினைத்தார் போலும். அந்தமானில் ஹிந்தி புரியாதவர் யார்? அமிர்தவல்லி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆறு மாதம் என்றால் மார்ச் என்று கணக்குப் போடத் தெரியாதவள் அல்ல அவள்.

மறுநாள் காலை வார்டுப் பயிற்சிக்கு வந்தது ராஜகுமாரி. மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். கண்ணிலிருந்து சொட்டிய நீரைத் துடைக்கக்கூட விரலை எடுக்கவில்லை.

"எம்புட்டு புள்ள?"

"எழுபத்திரெண்டு, அக்கா," என்றாள் ராஜகுமாரி, முகத்தைப் பார்க்காமல்.

பிறகு சார்ட்டை எடுத்து எழுதினாள். அமிர்தவல்லிக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பேனா மூன்று இலக்கம் எழுதியது. எழுபத்திரண்டுக்கு மூன்று வேண்டாம்.

"அச்சா," என்றாள். "இன்னொரு தடவ எண்ணு, புள்ள."

கையை நீட்டிக் கொடுத்தாள்.